கக்குவான் பெரியவர்களையும் விடாது

சின்ன வயதில் முத்தடுப்பு ஊசி போட்டாயிற்று, இனிக் கக்குவான் அண்டாது என்பது பலரின் கணக்கு. 2010-இல் கலிபோர்னியாவில் அந்தக் கணக்கு பொய்த்தது. தடுப்பூசிக்குக் குறைவில்லாத அந்த மாநிலத்தில் ஒரே ஆண்டில் 9,000 பேருக்கு மேல் கக்குவான் தாக்கியது. 10 கைக்குழந்தைகள் இறந்தன.

ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். நோய் ஒருமுறை வந்து போயிருந்தாலும் ஆயுள் முழுக்கக் காப்பு இல்லை.

பதின்வயதினரிடமும் பெரியவர்களிடமும் இது வேஷம் மாற்றி வரும். முதல் ஓரிரு வாரம் வெறும் சளிதான். காய்ச்சல்கூடப் பெரிதாக இருக்காது. பிறகு தொடர் இருமல், அதுவும் இரவில் அதிகம். மூச்சை இழுக்கும்போது கேட்கும் ‘கூவல்’ சத்தம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. இருமி இருமி வாந்தி எடுப்பார்கள், மயங்குவார்கள், சிறுநீர் கசியும், சிலருக்கு விலா எலும்பே முறியும். ஆனால் இரண்டு இருமலுக்கு நடுவே ஆள் நன்றாகத்தான் தெரிவார். ‘தூசி அலர்ஜி’ என்று சொல்லிக்கொண்டு கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போய்வருவார், வீட்டுக்கு வந்து குழந்தையையும் கொஞ்சுவார். வினை அங்கேதான்.

மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்துக் காலம் கடத்துவதில் பயனில்லை. மூக்கின் உட்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து பிசிஆர் பரிசோதனை செய்யலாம். முதல் மூன்று வாரங்களுக்குள் செய்தால் முடிவு நம்பகமாக இருக்கும். அசித்ரோமைசின் போன்ற மருந்தைத் தொடக்கத்திலேயே மருத்துவர் கொடுத்தால் நோயின் வேகம் குறையும். தாமதமானால் இருமல் வாரக்கணக்கில் இழுக்கும். ஆனாலும் பிறருக்குத் தொற்றுவதை மருந்து தடுக்கும்.

இந்தியாவில் 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியும், ஒன்றரை வயதையொட்டியும் 5 வயதுக்கு மேலும் முத்தடுப்பு ஊசியும் அரசு இலவசமாகப் போடுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய பங்கு அது. ஆனால் 10, 16 வயதிலும் கர்ப்ப காலத்திலும் அரசு போடும் ‘டிடி’ ஊசியில் கக்குவானுக்கான மருந்து கிடையாது. அது ‘டிடாப்’ ஊசியில்தான் உண்டு. தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இது நம் திட்டத்தில் உள்ள ஓட்டை என்றே சொல்லலாம். இங்கிலாந்து 2012 அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் ஊசி போடத் தொடங்கிவிட்டது. தாயின் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே குழந்தைக்குப் போய்ச்சேர்ந்து, முதல் மூன்று மாதங்களில் சுமார் 90 சதவீதக் காப்பு கிடைத்தது அங்கே தெரியவந்தது.

கர்ப்பிணிகள் 27 முதல் 36-ஆம் வாரத்துக்குள் டிடாப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் யாருக்காவது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், ‘கக்குவானாக இருக்குமா?’ என்று நீங்களே மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதுவரை குழந்தையைத் தூக்க வேண்டாம்.