ஆறு ராத்திரி... மூணு ஊரு... ஒரு தினசரி காலண்டர்!

கேன்டீன் டீ ஆறுறதுக்குள்ள நாங்க நாலு ஊரு சுத்தி முடிச்சுட்டோம். பாங்காக், சியாம் ரீப், ஹனோய், அப்படியே ஒரு எட்டு பாலி! கையில் இருந்தது ஏழு நாள் லீவு, ஆளுக்கு 50,000 ரூபாய், நாலு பேருக்கும் பொதுவா ஒரே ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா. அதுவும் ரூம்மேட்டோட மாமா இரவல் கொடுத்தது.

"மச்சி, இதுல டூர் எங்கடா இருக்கு? ஏர்போர்ட்தான் இருக்கு!"

சிவில் படிக்கும் நண்பன் டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு ஊர் விட்டு ஊர் தாவினால் பெட்டி கட்ட, செக்-இன் பண்ண, காத்துக் கிடக்க, பறக்க, மறுபடி ரூம் தேட என்று குறைந்தது அரை நாள் காலி. நாலு தாவல் என்றால் ரெண்டு நாள் ஸ்வாஹா. சரி, பாங்காக்கிலிருந்து அங்கோர் வாட்டுக்கு பஸ்ஸில் போய்விடலாம் என்றால், 2025 ஜூலையில் தாய்லாந்து - கம்போடியா எல்லையில் சண்டை மூண்ட பிறகு அந்தத் தரைவழியை நம்பி ரூம் புக் பண்ண எங்களுக்குத் தைரியம் இல்லை.

நாங்கள் போக நினைத்ததே ரெண்டு விஷயத்துக்குத்தான். பழைய ஊர்களைப் பார்க்கணும், உருப்படியா போட்டோ எடுக்கணும். அப்படியென்றால் பட்டியலைச் சுருக்க வேண்டியதுதான். கடைசியில் மத்திய வியட்நாமில் வந்து நின்றோம். டா நாங், ஹோய் ஆன், ஹுவே. டா நாங்கிலிருந்து ஹோய் ஆன் 30 கிலோ மீட்டர், ஹுவே சுமார் 100. நடுவில் ஒரு விமானம்கூட வேண்டாம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியா டா நாங், அதே வழியில் ரிட்டர்ன். விசா ஆன்லைனிலேயே கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாசமாவது செல்லுபடியாக இருக்கணும், அதை இப்பவே எடுத்துப் பார்த்துடுங்க. எங்களில் ஒருத்தனுக்கு அங்கேதான் இடித்தது.

முதலில் டிசம்பர் லீவில் போவதாகத்தான் இருந்தது. நல்லவேளை, டிக்கெட் போடவில்லை! நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாசங்களில்தான் அந்தக் கடற்கரைக்கும் மழை. 2025 அக்டோபர் கடைசியில் ஹோய் ஆனும் ஹுவேயும் வெள்ளத்தில் மிதந்தன. மழை ஓய்ந்து வெயில் ஏறாத பிப்ரவரி, மார்ச்தான் பெஸ்ட். ஆனா நமக்கு அப்போ இன்டர்னல்ஸ் இருக்கே! செமஸ்டர் முடிந்து ஜூன் என்று முடிவானது. வெயில் மண்டையைப் பிளக்கும். பரவாயில்லை, விடியற்காலை அஞ்சே காலுக்கெல்லாம் அங்கே சூரியன் வந்துவிடும். காலையும் சாயங்காலமும் கேமரா, உச்சி வெயிலில் மியூசியம் அல்லது தூக்கம். எங்கள் டைம்டேபிளே இவ்வளவுதான்.

அதன்படி முதல் நாள் மத்தியானம் டா நாங்கில் சாம் சிற்ப மியூசியம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1919-ல் திறந்தது. இங்கே ஏன் முதலில் போகணும்னா, மறுநாள் பார்க்கப் போகும் மி சோன் கோயில்களின் சிலைகளில் பல இங்கேதான் இருக்கின்றன. இதைப் பார்க்காமல் அங்கே போனால் வெறும் செங்கல்தான் தெரியும்.

ஆனா என்ன செங்கல்! மி சோனில் நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா ராஜா சிவனுக்குக் கோயில் கட்டி, தன் பெயரையும் ஈஸ்வரனையும் சேர்த்து பத்ரேஸ்வரன் என்று வைத்தான். பதிமூன்றாம் நூற்றாண்டு வரை அந்த மலையடிவாரத்தில் கோயில்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. சிவில் நண்பன் இந்த டூருக்குத் தலையாட்டியதே அந்தச் சுவர்களுக்காகத்தான். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்தே கண்ணுக்குத் தெரிவதில்லை. மரப்பிசின் வைத்து ஒட்டினார்கள் என்று ஒரு கட்சி. சண்டை இன்னும் ஓயவில்லை. 1969-ல் அமெரிக்க குண்டுவீச்சில் இங்கிருந்த மிகப் பெரிய கோபுரமே நொறுங்கியது. பிறகு நம்ம இந்தியத் தொல்லியல் துறை போய்ச் சில கோயில்களைச் சீர்படுத்தியது. 2020 மே மாசம் அந்த வேலையின்போதுதான் மண்ணுக்குள்ளிருந்து ஒரு முழுக் கல் சிவலிங்கம் வெளியே வந்தது.

கேமராக்காரர்களுக்கு ஒரு விஷயம். இங்கே பெரும்பாலான கோயில்களுக்குக் கிழக்கு பார்த்த வாசல். காலை வெயில் நேரா முகத்தில் விழும். டூரிஸ்ட் பஸ்கள் வந்து இறங்கும்போது வெயிலும் தலைக்கு மேல் ஏறியிருக்கும், சிற்பமெல்லாம் தட்டையாகிவிடும். அதனால் ஹோய் ஆனிலிருந்து இருட்டோடு கிளம்பி, 40 கிலோ மீட்டர் போய், கதவு திறக்கும்போது வாசலில் நிற்பது என்று திட்டம். இந்த ஒரு காலைக்காக ரூம்மேட்டின் கனவான கோல்டன் பிரிட்ஜைக் காவு கொடுத்தோம். ரெண்டு ராட்சசக் கைகள் தாங்குமே, 2018-ல் திறந்த பாலம், அதுதான். மூணுக்கு ஒண்ணு ஓட்டில் தோற்றவன் ரெண்டு நாள் எங்களோடு பேசவில்லை. கேமரா அவன் மாமாவுடையது என்பதால் நாங்களாகத்தான் போய்ச் சமாதானம் பண்ணினோம்!

இனி ஹோய் ஆன். ஜப்பான், சீன வியாபாரிகள் வந்து தங்கிய துறைமுகம். ஆற்றில் மண் மேடு தட்டி வியாபாரம் டா நாங்குக்குப் போய்விட, ஊர் அப்படியே நின்றுபோனது. யாரும் இடித்துக் கட்டாததால் இன்றைக்கு அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மஞ்சள் சுவர், ஓட்டுக்கூரை, தெரு முழுக்கப் பட்டு விளக்குகள். சாயங்கால வெயிலில் அந்த மஞ்சள் சுவரே ரிஃப்ளெக்டர் மாதிரி ஆள் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். 20,000 டாங் நோட்டில் (நம்ம காசுக்குச் சுமார் எழுபது ரூபாய்) இருக்கும் ஜப்பானியப் பாலமும் இங்கேதான். பழுது பார்த்து 2024 ஆகஸ்டில் திறந்தபோது, "பெயின்ட் ரொம்பப் புதுசா இருக்கே" என்று ஊர் முழுக்கப் பேச்சு. நம்ம ஊர்க் கும்பாபிஷேகம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டோம்.

மாசா மாசம் அவர்கள் சந்திர மாசத்தின் 14-ம் நாள் ராத்திரி பழைய ஊரில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, காகித விளக்குகளை ஏற்றுவார்கள். அந்தத் தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினேன். பௌர்ணமிக்கு முந்தின நாள்! ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம், வியட்நாம் காலண்டரையும் ஒருதடவை பார்த்துக்கோங்க. கூட்டம் அலைமோதும், டிரைபாட் விரித்தால் அடி விழும். 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் போதும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துவிட்டால் விளக்கின் சிவப்பு வெளுக்காது. டிரோனை மறந்துடுங்க, அனுமதி வாங்காமல் பறக்கவிடக் கூடாது.

ஆறு ராத்திரியில் மூணு ஹோய் ஆனுக்கு. "ஒரு நாளில் நடந்து முடிக்கிற ஊருக்கு எதுக்குடா மூணு?" என்று ரூம்மேட் மறுபடி ஆரம்பித்தான். அதற்குக் காரணம் எங்க அப்பத்தா.

எங்க ஊர் காரைக்குடிப் பக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருநாள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருக்க, தெருவில் போன ஒருத்தர் பெரிய லென்ஸை நீட்டி நாலஞ்சு கிளிக் பண்ணிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பத்தா திட்டவெல்லாம் இல்லை. அழுக்குச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, "கேட்டிருந்தா நல்ல சேலை ஒண்ணு கட்டிட்டு வந்திருப்பேன்ல?" என்றது. அதற்கப்புறம் வெளியூர் வண்டிச் சத்தம் கேட்டாலே உள்ளே எழுந்து போய்விடும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு வீட்டுச் சுவரில் அப்பத்தா அந்தச் சேலையோடு தொங்கிக்கொண்டிருக்கலாம்.

ஹோய் ஆனில் தோளில் தராசுத் தட்டு மாதிரி ரெண்டு கூடை தொங்க, கூம்புத் தொப்பியோடு பழம் விற்கும் பாட்டிகள் உண்டு. அந்த ஊர் என்றாலே எல்லார் ஆல்பத்திலும் அவர்கள்தான். சிலர் போட்டோவுக்குக் காசு கேட்பார்கள், சிலர் பழம் வாங்கச் சொல்வார்கள். வெயிலில் கூடையைச் சுமப்பவர்கள் கேட்பதில் என்ன தப்பு? எங்கள் திட்டம் இதுதான். முதல் நாள் மாம்பழம் மட்டும் வாங்குவது. ரெண்டாம் நாள் அதே பாட்டியிடம் ஒரு 'சின் சாவ்', அதாங்க வணக்கம். மூணாம் நாள் கேமராவைக் காட்டிக் கேட்பது. தலையை ஆட்டினால் எடுப்பது, எடுத்ததை ஒரு ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டுக் கையில் கொடுப்பது. இதைச் சொன்னதும் ரூம்மேட் வாயைத் திறக்கவில்லை. அவனும் அப்பத்தா கையால் சாப்பிட்டவன்தானே!

பாக்கி ரெண்டு ராத்திரி ஹுவே. டா நாங்கிலிருந்து ரயில்தான். ஹாய் வான் கணவாயைச் சுற்றிக் கடலோரமாக ஊர்ந்து போக மூணு மணி நேரம் பிடிக்கும். போகும்போது வலது பக்க ஜன்னலைப் பிடிங்க, கடல் அந்தப் பக்கம். ஹுவேயில் அரண்மனைக் கோட்டை, ராஜாக்களின் கல்லறைகள் எல்லாம் உண்டு. காய் தின் ராஜாவின் கல்லறை உள்சுவர் முழுக்கப் பீங்கான், கண்ணாடிச் சில்லு வேலைப்பாடு. கூரைக்குக் கீழே இருப்பதால் மத்தியானத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

நான் ஹுவேக்குப் போவது ஒரு காருக்காக. தியென் மு புத்தக் கோயிலில் நிறுத்தி வைத்திருக்கும் பழைய நீல ஆஸ்டின். 1963 ஜூன் 11, சைகோன் நடுத்தெருவில் திக் குவாங் டுக் என்ற பிக்கு அரசின் அடக்குமுறையை எதிர்த்துத் தீக்குளிக்க வந்து இறங்கியது அந்தக் காரில்தான். மால்கம் பிரவுன் எடுத்த படம் உலகத்தையே உலுக்கியது. முந்தின நாளே பிக்குகள் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் வரவில்லை. பிரவுன் வந்தார். எடுக்கச் சொல்லி எடுத்த படம் அது. அந்தக் காரைப் போட்டோ எடுப்பேனா, சும்மா பார்த்துவிட்டு வருவேனா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

டிக்கெட் போட்டாச்சு. காலண்டரில் பௌர்ணமிக்கு முந்தின நாளைச் சிவப்பு இங்க்கில் வட்டம் போட்டு வைத்தேன். நேத்து அம்மா போன் பண்ணி, "என்னடா, புதுசா ஏதாவது விரதமா?" என்கிறார்!