தனியார் பட்டப்படிப்பு: செலவையும் பயனையும் கணக்கிடுதல்

மாணவர்களே,

செலவு, அமையச் செலவு, வட்டி ஆகிய சொற்களை வணிகக் கல்விப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு வரைவிலக்கணம் எழுதுவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுவதில்லை. க.பொ.த. உயர்தரம் முடித்த பின் உங்கள் வீட்டில் நடக்கப்போகும் ஒரு பெரிய பேச்சுக்கும் அவை தேவைப்படும். "கம்பஸ் கிடைக்கவில்லை, பணம் கட்டிப் படிப்பிப்போமா?" என்பதே அந்தப் பேச்சு. காணியை ஈடு வைப்பதா, நகையை அடகு வைப்பதா, வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடம் கேட்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும்.

1. பின்னணி

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. அரச பல்கலைக்கழகங்களுக்கான அனுமதியை, 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, இசட் புள்ளியின் அடிப்படையில் வழங்குகிறது. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் பாதிக்கும் குறைவானோருக்கே இடம் கிடைக்கிறது. மற்றவர்களுக்குத் தனியார் நிறுவனம், திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டம், தொழிற்பயிற்சி, வேலை எனப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் அதிக பணம் கேட்பது பெரும்பாலும் தனியார் பட்டப்படிப்பே.

2. செலவு எவை?

விளம்பரத்தில் தெரிவது கட்டணம் மட்டுமே. உண்மையான செலவு மூன்று வகைப்படும்.

(அ) நேரடிச் செலவு: பாடநெறிக் கட்டணம், பதிவு மற்றும் பரீட்சைக் கட்டணம், கணினி, புத்தகம், போக்குவரத்து.

(ஆ) மேலதிக வாழ்க்கைச் செலவு: வெளியூரில் தங்கிப் படிப்பதால் கூடுதலாக ஏற்படும் செலவு. இங்கே பலர் பிழை விடுவர். வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தான் வேண்டும். ஆகவே கொழும்பில் மாதம் 30,000 ரூபா முடிந்து, அதே மாணவிக்கு வீட்டில் 12,000 ரூபா முடியுமாயின், படிப்பின் செலவாகக் கொள்ள வேண்டியது வித்தியாசமான 18,000 ரூபாவே.

(இ) அமையச் செலவு: ஒரு தெரிவை மேற்கொள்ளும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த தெரிவின் பெறுமதி. நான்கு ஆண்டுகள் படிப்பவர் அந்த நான்கு ஆண்டுகளில் உழைத்திருக்கக்கூடிய சம்பளத்தைக் கைவிடுகிறார். இதற்குப் பற்றுச்சீட்டு கிடையாது. ஆனாலும் இது செலவுதான். அரச பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிப்பவருக்கும் இச்செலவு உண்டு.

3. எடுத்துக்காட்டு

கீழுள்ள தொகைகள் கணக்கை விளங்கிக்கொள்வதற்காக எடுக்கப்பட்டவை. வடக்கிலிருந்து கொழும்பு சென்று நான்கு ஆண்டுகள் (48 மாதங்கள்) படிக்கும் மாணவி ஒருத்தியைக் கருதுக.

பாடநெறிக் கட்டணம் (400,000 × 4) = 1,600,000
பதிவு, பரீட்சைக் கட்டணம் = 80,000
மேலதிக வாழ்க்கைச் செலவு (18,000 × 48) = 864,000
கணினி, புத்தகம், பயணம் = 396,000
கைவிட்ட சம்பளம் (35,000 × 48) = 1,680,000
மொத்தச் செலவு = 4,620,000 ரூபா

16 இலட்சம் என்று கேட்ட படிப்பு 46 இலட்சத்துக்கு மேல் வந்துவிட்டது.

இனிப் பயன். பட்டம் பெற்றபின் மாதச் சம்பளம் 80,000 ரூபா என்க. இந்த முழுத்தொகையும் பட்டத்தின் பயன் அன்று. படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் நான்கு ஆண்டு அனுபவத்தோடு 45,000 ரூபா பெற்றிருப்பாள். எனவே பட்டத்தால் வந்த மேலதிக வருமானம் மாதம் 35,000, ஆண்டுக்கு 420,000 ரூபா.

செலவை மீட்க எடுக்கும் காலம் = 4,620,000 ÷ 420,000 = 11 ஆண்டுகள்

பட்டம் பெற்றபின் ஓராண்டு வேலையின்றி இருந்தால், கைவிட்ட சம்பளம் மேலும் 540,000 ரூபா (45,000 × 12) கூடும். மீட்புக் காலம் 12 ஆண்டுகளைத் தாண்டும்.

4. கடன் பெற்றுப் படித்தால்

கட்டணமான 16 இலட்சத்தையும் 15% வட்டிக்குக் கடன் பெற்றால் ஓராண்டு வட்டி மட்டும் 240,000 ரூபா. மேலதிக வருமானமான 420,000 ரூபாவில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடும். முதலைத் திருப்பிக் கட்ட மிஞ்சுவது ஆண்டுக்கு 180,000 ரூபா. படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதோருக்காக 2017 இல் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. விண்ணப்பம் கோரப்படும்போது நிபந்தனைகளைப் பார்த்து, வங்கிக் கடனுக்கு முன் இதையே கருத வேண்டும்.

5. வேறு தெரிவோடு ஒப்பிடல்

வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கும் ஒருவருக்கு மொத்தச் செலவு 700,000 ரூபா என்க. அவர் சம்பளத்தைக் கைவிடவில்லை. மேலதிக வருமானம் மாதம் 20,000, ஆண்டுக்கு 240,000 ரூபா. மீட்புக் காலம் மூன்று ஆண்டுகளிலும் சற்றுக் குறைவு.

30 ஆண்டு உழைப்பைப் பார்த்தால், முழுநேரப் படிப்பின் நிகரப் பயன் 12,600,000 – 4,620,000 = 7,980,000 ரூபா. பகுதிநேரப் படிப்பின் நிகரப் பயன் 7,200,000 – 700,000 = 6,500,000 ரூபா. முதலாவது கூடுதல் தருகிறது, இரண்டாவது விரைவில் மீட்கிறது. ஆனால் முப்பதாம் ஆண்டில் வரும் ரூபாவுக்கு இன்றைய ரூபாவின் பெறுமதி இல்லை. கையில் சேமிப்புள்ள குடும்பமும் கடன்பட வேண்டிய குடும்பமும் ஒரே விடையைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை.

6. கணக்கில் சேர்க்க வேண்டிய ஆபத்துகள்

அங்கீகாரம்: பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா எனப் பார்க்க வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் அத்துறைக்குரிய தொழில்சார் அமைப்பின் ஏற்பும் தேவை. மாலபேயில் இயங்கிய சைட்டம் நிறுவனத்தின் மருத்துவப் பட்டதாரிகளை இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்வது பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. 2017 இல் அந்நிறுவனத்தை ஒழிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. மாணவர்கள் பின்னர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். இழந்த காலம் மாணவர்களுடையது.

நாணய மாற்று: சில வெளிநாட்டுப் பட்டங்களுக்கான கட்டணத்தின் ஒரு பகுதி டொலரில் அல்லது பவுணில் அறவிடப்படும். 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாகியது. 1,000 டொலர் கட்டணம் 2 இலட்சத்திலிருந்து 3.6 இலட்சமாக உயர்ந்தது.

முடிக்காமல் விடுதல்: இரண்டாம் ஆண்டில் நிறுத்தினால் செலவு நிற்கும், பட்டம் இராது.

அறிவு, தன்னம்பிக்கை, சமூக மதிப்பு என்பவற்றை ரூபாவில் அளக்க முடியாது. அவை உண்மையான பயன்களே. ஆயினும் அவற்றுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது. இக்கணக்கைப் பெற்றோருடன் சேர்ந்து, அனுமதிப் பணம் கட்டுவதற்கு முன்னரே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பயிற்சி

1. அமையச் செலவு என்றால் என்ன? உயர்கல்வியிலிருந்து ஓர் உதாரணம் தருக.

2. மூன்று ஆண்டுப் படிப்பொன்றின் ஆண்டுக் கட்டணம் 350,000 ரூபா. மேலதிக வாழ்க்கைச் செலவு மாதம் 10,000 ரூபா. கைவிட்ட சம்பளம் மாதம் 40,000 ரூபா. பட்டத்தால் கிடைக்கும் மேலதிக வருமானம் மாதம் 25,000 ரூபா. மொத்தச் செலவையும் மீட்புக் காலத்தையும் காண்க.

3. "மீட்புக் காலம் குறைந்த தெரிவே எப்போதும் சிறந்தது." இக்கூற்றை ஆராய்க.

விடை (2): 1,050,000 + 360,000 + 1,440,000 = 2,850,000 ரூபா. ஆண்டு மேலதிக வருமானம் 300,000 ரூபா. மீட்புக் காலம் 9½ ஆண்டுகள்.

விடைக் குறிப்பு (3): பகுதி 5 இல் உள்ள இரண்டு நிகரப் பயன்களையும் ஒப்பிட்டு எழுதுக. கடன் வட்டியையும் பணத்தின் பெறுமதி குறைவதையும் குறிப்பிட்டால் விடை முழுமை பெறும்.