சுரப்பைத் தடுத்து நோயைத் தணிக்கும் மருந்து

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் அறுபதைக் கடந்தவர்கள். அவ்வயதினர் தம்முள்ளும் வாய்விட்டுப் பேச நாணும் நோயொன்று உண்டு. சிறுநீர்ப்பையின் கீழே அமைந்த சுரப்பியில் உண்டாகும் புற்றுநோயே அது. ‘முன் நிற்பவன்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ‘புரொஸ்டேற்’ என்னும் பெயர் பிறந்தது. நம் கலைச்சொல்லாளர் அதனை முன்னிற்குஞ் சுரப்பி என்றனர். ஆக்கம் நன்றே, ஆயினும் வைத்தியசாலை வாங்கில் அமர்ந்திருப்போரிடம் அச்சொல்லைக் கூறின் விளங்கிக்கொள்வோர் சிலரே.

இப்புற்று என்புகளிற் பரவியபின் அதனை முற்றாக வெட்டியகற்றல் இயலாது. அந்நிலையிற் கைகொடுப்பது ஆண்மை ஓமோனைத் தடுக்கும் சிகிச்சை. அதன் இயல்பை வட்டக்கச்சியார்க்கு விளக்குதல் எளிது. இரணைமடுக் குளத்தின் துருசைப் பூட்டினால் வாய்க்கால் வற்றும். வயலிற் களை வாடும். பயிரும் உடன் வாடும். வாடிய களை வேரோடு மடிந்ததன்று. நீர் வந்தால் மீண்டுந் தழைக்கும். விதைகளிற் சுரக்கும் தெஸ்தொஸ்தரோன் என்னும் ஓமோனே இப்புற்றுக்கு நீராகின்றது.

இதனை 1941ஆம் ஆண்டிற் காட்டியவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் ஹகின்ஸ். விதைகளை அகற்றியபோது நோயாளரின் என்பு நோவு தணிந்தமையை அவரும் அவர்தம் துணைவர் ஹொட்ஜஸும் கண்டனர். 1966இல் ஹகின்ஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

சத்திரமின்றித் துருசைப் பூட்டும் வழி பின்னரே தோன்றியது. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் ஒரு தூது ஓமோனை விட்டுவிட்டு அனுப்பும். அதன் ஏவலாற் கபச்சுரப்பி விதைகளைத் தூண்டும். அத்தூது ஓமோனின் அமைப்பை அன்றூ ஷாலியின் குழுவினர் பன்றிகளின் மூளைப் பகுதியிலிருந்து பிரித்து 1971இல் அறிவித்தனர். 1977இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஷாலியும் ஒருவர். அதனையொத்துச் செய்யப்பட்ட கோசரலின், லியூப்ரோரலின் முதலிய ஊசிமருந்துகள் இடைவிடாது ஏவுவதனாற் கபச்சுரப்பி சலித்து ஓய்ந்துவிடுகின்றது. ஓயாது மணியடிக்கும் பாடசாலையில் எவர்தாம் எழுந்து செல்வர்?

ஓயுமுன் அது ஒருமுறை பொங்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் ஓமோன் மிகுந்து நோவு கூடலாம். முள்ளந்தண்டிற் புற்றுள்ளவர்க்குக் கால்கள் செயலிழக்கவுங் கூடும். அதனாலேயே பைக்கலுற்றமைட் போன்ற குளிசைகளை வைத்தியர் முற்பட்டே தொடங்குவர். டெகரலிக்ஸ் என்னும் புதிய ஊசி இப்பொங்குதலின்றியே தடுக்கும்.

ஊசி மாதந்தோறுமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடப்படும். நோவு நீங்கியதும் “சுகம் வந்துவிட்டதே, அரிவி வெட்டு முடியட்டும்” என்று நாளைத் தள்ளுவோர் உளர். இதனினும் தீங்கானது வேறில்லை. தவணை தவறின் துருசு மெல்லத் திறக்கும். தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ அடிக்கடி செல்ல இயலாத முதியவர்க்கு, ஒருமுறை செய்து முடியும் சத்திரசிகிச்சையே மேலாகலாம் என்பது என் எண்ணம். அதன் பயன் ஒரு நாளுக்குள்ளேயே தெரியும். ஆனால் மீட்க முடியாது. நாணத்தால் அன்றி வைத்தியரோடும் மனைவியோடும் பேசி இதனைத் தெரிதல் வேண்டும்.

பயிரும் வாடும் என்றோமல்லவா? உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கும், இச்சை குன்றும், தசை மெலியும், என்பு நலியும், நீரிழிவு தலைகாட்டும். மனஞ் சோர்ந்து சினப்பவரும் உளர். வீட்டார் அதனைக் குணக்கேடென்று கொள்ளலாகாது. நாடோறும் நடத்தலும் பாரந் தூக்கிப் பழகுதலும் தசையையும் என்பையும் ஓரளவு காக்கும்.

காலப்போக்கிற் புற்று சிறிதளவு ஓமோனைக் கொண்டே வளரக் கற்றுக்கொள்ளும். குருதியிற் பீ.எஸ்.ஏ. அளவு மீண்டும் ஏறுதல் அதன் அறிகுறி. அதிரீனற் சுரப்பியிலும் புற்றினுள்ளேயும் உண்டாகும் ஓமோனையுந் தடுக்கும் அபிராற்றரோன் 2011 முதலும், ஓமோன் புற்றுக்கலத்திற் பற்றுதலைத் தடுக்கும் என்சலுற்றமைட் 2012 முதலும் வழக்கிலுள்ளன. இவற்றைத் தொடங்கிய பின்னரும் பழைய ஊசியை நிறுத்துவதில்லை.