எம்கேநோட் (யுனிக்ஸ் கட்டளை)

எம்கேநோட் என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பெயரிட்ட குழாய்களையும் சாதனக் கோப்புகளையும் உருவாக்கும் கட்டளை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் உண்டு.

குழாயை எந்தப் பயனரும் உருவாக்கலாம். அதற்கென்றே எம்கேஃபிஃபோ என்ற எளிய கட்டளையும் இருக்கிறது. ஒரு முனையத்தில் குழாய்க்குள் எழுதினால், மறு முனையத்தில் படிப்பவர் வரும்வரை எழுதும் கட்டளை காத்து நிற்கும். மாணவர்கள் செய்து பார்க்க வேண்டும்.

சாதனக் கோப்பை உருவாக்க ரூட் அதிகாரம் வேண்டும். வட்டுக்குரிய கோப்பைத் திறக்க முடிந்தவர் எல்லோருடைய கோப்புகளையும் படித்துவிடலாமே! அதில் தரவு கிடையாது. கெர்னலுக்கு வழிகாட்டும் முதன்மை எண், துணை எண் மட்டுமே. வேண்டாத வெளியீட்டை விழுங்கும் நல் சாதனத்துக்கு லினக்ஸில் இவை 1, 3. ரூட் பயனர் தவறுதலாக அதை அழித்துவிட்டால், அதே பெயரில் சாதாரணக் கோப்பு உருவாகிக் குப்பை சேரும். அதை நீக்கிவிட்டு, எழுத்துச் சாதனத்தைக் குறிக்கும் சி, பிறகு 1, 3 எனக் கொடுத்து, 666 அனுமதியுடன் மீண்டும் உருவாக்கலாம்.