மோதிரத்தைக் கழற்றி வெச்சுட்டு, அப்புறம் ஃபியூஸைத் தொடுங்க!

'கரன்ட் வேலைன்னா கால்ல செருப்பு இருக்கணும், கை ஈரமா இருக்கக்கூடாது' என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால், விரலில் கிடக்கும் மோதிரத்தைப் பற்றி யாராவது யோசிக்கிறோமா?

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு எலெக்ட்ரீஷியன் வரும்போது கவனியுங்கள். விரலில் ராசிக்கல் மோதிரம், மணிக்கட்டில் செம்புக் காப்பு, கழுத்தில் செயின், ஸ்டீல் பட்டை வாட்ச். இத்தனையோடும்தான் மெயின் பாக்ஸைத் திறப்பார். அவர் மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை ஃபியூஸ் போடும் அப்பா, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மா, கார் பேட்டரியைக் கழற்றும் பிள்ளை... எல்லோரும் நகையும் நட்டுமாகத்தான் வேலையில் இறங்குகிறார்கள்.

நகைக்கு ஏன் இந்தத் தடை?

மின்சாரத்தை மிகச் சுலபமாகக் கடத்தும் உலோகங்களை வரிசையாக எழுதினால் முதலிடம் வெள்ளிக்கு, இரண்டாமிடம் செம்புக்கு, மூன்றாமிடம் தங்கத்துக்கு! நாம் ஆசை ஆசையாக உடம்பில் போட்டுக்கொள்ளும் மூன்றும் அவைதான்.

உலர்ந்த தோல் ஓரளவுக்கு நமக்குக் கவசம். அதன் மின்தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். வியர்வையோ ஈரமோ பட்டால் உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். நம் வீட்டுக் கரன்ட் 230 வோல்ட். கணக்குப் போட்டால் 230 மில்லி ஆம்பியர் உடம்புக்குள் பாயும். சுமார் 10 முதல் 20 மில்லி ஆம்பியரிலேயே கைத் தசைகள் இறுகி, பிடித்த ஒயரை விட முடியாமல் போகும். இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு 230 மில்லி ஆம்பியர் தாராளம்.

இப்போது மோதிரத்துக்கு அடியில் இருக்கும் தோலைப் பாருங்கள். எப்போதும் வியர்வையும் சோப்புத் தண்ணீரும் தங்கி ஈரமாகவே இருக்கும். போதாததற்கு, மோதிரம் விரலைச் சுற்றி ஒட்டியிருப்பதால் மின்சாரம் நுழைய அகலமான வாசல் கிடைக்கிறது. வாட்ச் பட்டைக்கும் காப்புக்கும் இதே கதைதான்.

"12 வோல்ட்தானே, என்ன ஆகிடும்?"

பலரும் ஏமாறுவது இங்கேதான். பேட்டரியின் 12 வோல்ட் பொதுவாக ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால், சுட்டுவிடும்!

பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஸ்பானர் வைத்துத் திருகுகிறீர்கள். ஸ்பானரைப் பிடித்திருக்கும் விரலின் மோதிரம், பக்கத்தில் இருக்கும் நெகட்டிவ் முனையிலோ, காரின் இரும்பு உடம்பிலோ இடித்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட். அந்தக் கணத்தில் மோதிரம் வழியாக நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயலாம். மோதிரம் சில நொடிகளில் பழுக்கக் காய்ந்து, விரலைச் சுற்றி வளையமாகத் தோலையும் தசையையும் வேக வைத்துவிடும். சூடான பாத்திரம் என்றால் கையை உதறி விடலாம். விரலை இறுக்கிப் பிடித்திருக்கும் மோதிரத்தை எப்படி உதறுவது?

"எங்க வீட்டுலதான் ஷாக் அடிச்சா கட் ஆகிற ஸ்விட்ச் இருக்கே!" என்கிறீர்களா? ஆர்.சி.சி.பி. என்ற அந்தக் கருவி, மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்குக் கசியும்போதுதான் வேலை செய்யும். மோதிரம் ஃபேஸையும் நியூட்ரலையும் இணைத்துவிட்டால் அதற்குத் தெரியாது. பேட்டரிப் பக்கமோ அது எட்டிக்கூடப் பார்க்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏணியிலிருந்து இறங்கும்போது மோதிரம் ஏதாவது ஆணியிலோ கொக்கியிலோ மாட்டிக்கொண்டு கால் வழுக்கினால், மொத்த உடல் எடையும் அந்த ஒரு விரலில் தொங்கும். தோல் உரிந்து வரும். சமயத்தில் விரலே துண்டாகிவிடும்.

சட்டையிலும் இருக்கு சமாச்சாரம்

ஷார்ட் சர்க்யூட்டில் 'பட்'டென்று தெறிக்கும் தீப்பொறிக்கு உக்கிரமான சூடு. பாலியஸ்டர், நைலான் துணிகள் சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகிவிடும். உருகியது கீழே விழாமல் மெழுகு போலத் தோலில் ஒட்டிக்கொண்டு மேலும் சுடும். டாக்டர் அதைப் பிரித்தெடுப்பதற்குள் நோயாளி படும் வேதனை கொஞ்சநஞ்சமல்ல.

பருத்தியும் எரியத்தான் செய்யும். ஆனால், உருகி ஒட்டாது. ஆகவே கொஞ்சம் தடிமனான, முழுக்கைப் பருத்திச் சட்டைதான் நல்லது. கைப் பட்டனைப் போட்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். உள் பனியனும் பருத்தியாக இருக்கட்டும். தோளில் துண்டு, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து, பாக்கெட்டில் உலோகப் பேனா எதுவும் வேண்டாம். குனியும்போது இவை நேராக மெயின் பாக்ஸுக்குள் போய் விழும்! லுங்கியோடு ஏணி ஏறுவதும் கூடாது.

காலுக்கு, ரப்பர் அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ. தேய்ந்துபோன ஹவாய் செருப்பை நம்பாதீர்கள். பாத்திரம் கழுவும் கையுறையும் ஆஸ்பத்திரிக் கையுறையும் கரன்ட் வேலைக்கு ஆகாது. இதற்கென்றே, எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்ட ரப்பர் கையுறைகள் கடைகளில் கிடைக்கின்றன. போடுவதற்கு முன் வாய்ப்பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்துப் பார்க்க வேண்டும். ஊசித் துளை இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

தாலிச் செயினை என்ன செய்வது?

"மத்ததைக் கழற்றலாம், தாலியை எப்படிங்க?" என்று பெண்கள் கேட்பது நியாயமே. வயல்வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே யோசனைதான். செயினை ரவிக்கைக்குள் விட்டு, மேலே பருத்திச் சட்டை அணிந்து, கழுத்து வரை பட்டன் போட்டுக்கொள்ளுங்கள். வளையல்களைக் கழற்றி வையுங்கள். செயின் வெளியே தொங்கும் நிலையில் பேட்டரிக்கு மேல் குனியவே குனியாதீர்கள்.

கழற்ற வராத மோதிரமா? கையைச் சில நிமிடம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்போ எண்ணெயோ தடவிச் சுழற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையா? கரன்ட் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, நகைக்கடைக்குப் போய் மோதிரத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வாருங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் எப்படிச் சொல்வது?

அவர் மோதிரத்தைக் கழற்றத் தயங்குவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. பிறத்தியார் வீட்டில் தங்கத்தைக் கழற்றி எங்கே வைப்பது? காணாமல் போனால் யாரைக் கேட்பது? இந்தச் சங்கடத்தைப் போக்க வேண்டியது நாம்தான். "அண்ணே, மோதிரம், செயினை இந்த டப்பாவுல போட்டு உங்க பையிலயே வெச்சுக்குங்க, அப்புறமா ஆரம்பிக்கலாம்" என்று ஒரு மூடி போட்ட டப்பாவை நீட்டுங்கள். பொருளும் அவர் கண்ணெதிரே இருக்கும், விரலும் பத்திரம். அலுமினிய ஏணியைக் கொடுக்காமல், காய்ந்த மர ஏணியாகக் கொடுங்கள். மெயினை ஆஃப் செய்ய வேண்டும் என்றால் ஃப்ரிட்ஜ், டி.வி. என்று முணுமுணுக்காதீர்கள்!

அசம்பாவிதம் நடந்துவிட்டால்...

* முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். அவரை நேரடியாகத் தொடாதீர்கள்.

* 108-க்கு போன் செய்யுங்கள். மூச்சுப் பேச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள்.

* மின்சாரத்திலிருந்து விலகியபின், சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள்.

* டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், நெய் எதுவும் தடவ வேண்டாம்.

* "சின்னக் கொப்புளம்தானே" என்று இருந்துவிடாதீர்கள். மின்சாரக் காயம் வெளியே கடுகளவாகவும் உள்ளே கையளவாகவும் இருக்கும். இதயத் துடிப்பையும் பார்க்க வேண்டியிருப்பதால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

கல்யாண மோதிரத்தைக் கழற்றுவது அபசகுனமோ என்று சிலருக்கு மனசு உறுத்தலாம். பூஜை அலமாரியில் அரை மணி நேரம் அது பத்திரமாக இருக்கட்டும். திரும்பப் போட்டுக்கொள்ள விரல் இருப்பதுதானே முக்கியம்!