ஊசி வைக்கும் முன்

கிள்ளானில் பாட்டி வீட்டு ஸ்டோர் அறையில் பழைய ரெக்கார்டு பிளேயர் தூசு படிந்து கிடக்கிறதா? உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அது அமெரிக்காவுக்காகச் செய்தது.

வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் போதும். ஆனால் ஹெர்ட்ஸை அது மாற்றாது. நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய மோட்டார்கள் பல இந்த ஹெர்ட்ஸ் கணக்கில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28-க்குக் கீழே இறங்கிவிடும். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவர் நாலு கட்டையில் இழுப்பார். பாடகி சுசீலாம்மா குரலை அப்படிக் கேட்க யாருக்கு மனசு வரும்? மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பித்தளைக் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்து ரப்பர். 1954-இல் வந்த காரார்ட் 301 போன்ற பிளேயர்களில் ஒரு ரப்பர் சக்கரம்தான் தட்டைச் சுழற்றும். வருடக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் அதில் பள்ளம் விழும். பாட்டோடு சேர்ந்து ‘டுக் டுக்’ என்று தாளமும் கேட்கும். புதுச் சக்கரம் போடுவதே நல்லது.

78 சுற்றுத் தட்டுக்கு எல்.பி. (33⅓ சுற்றுத் தட்டு) ஊசியை வைக்காதீர்கள், 78 தட்டின் பள்ளம் அகலமானது.

33⅓ சுற்று வேகத்தைச் சோதிக்க, 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின்மேல் வையுங்கள். கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி. எல்.இ.டி. வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம்; பழைய குண்டு பல்பைப் போட்டுப் பாருங்கள்.