ஐயத்தைப் புதைக்கும் ஆங்கிலத் தொடர்

ஆங்கில நாளேடுகளில் "லே டவுட்ஸ் டு ரெஸ்ட்" என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஐயத்துக்கு இடமின்றி முடிவு கட்டுதல் என்பது இதன் பொருள். இறந்தவரை அடக்கம் செய்வதையும் ஆங்கிலேயர் இதே சொற்களால் குறிப்பர். மீண்டும் தலைதூக்காதபடி ஐயத்தைப் புதைத்துவிடுவது என்று நினைவில் கொண்டால் பொருள் மறக்காது.

நம் மாவட்டத்துச் சான்று

இத்தொடருக்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. திருத்தணியும் திருப்பதியும் எந்த மாநிலத்துக்கு என்ற வழக்கு ஓயவில்லை. ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். இங்கிருந்த தமிழருக்கு அது வெறும் மேடைப் பேச்சாக இருக்கவில்லை. மனுவை எந்த மொழியில் எழுதுவது, பிள்ளையை எந்த மொழியில் படிக்க வைப்பது என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தே இருந்தன.

படாஸ்கர் நடுவராக இருந்து பரிந்துரை அளித்தார். 1959இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

எல்லை எது என்ற ஐயத்தை அச்சட்டம் "லெய்ட் டு ரெஸ்ட்" என்று எழுதலாம். திருப்பதி கிடைக்கவில்லையே என்ற தமிழரின் ஆதங்கத்தையும் அது தீர்த்தது என்று எழுதினால் உண்மையாகாது. ஐயம் சட்டத்துக்கு அடங்கியது; ஆதங்கம் அடங்கவில்லை.

எங்கே பயன்படுத்தலாம்?

பலரிடம் நெடுநாள் நிலவிய ஐயத்தைச் சான்றோ, தீர்ப்போ, அறிவிப்போ நீக்கும்போது இத்தொடர் பொருந்தும். "ஐயப்பட வேண்டாம்" என்று ஒருவர் வாயால் சொன்னதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துவது மிகையாகும்.

வகுப்பில் கணக்கு புரியாத மாணவர் ஆசிரியரிடம் கேட்பதற்கும் இது பெரிய சொல். அங்கே "க்ளியர் அப்" போதும். இறந்த காலத்தில் "லே" என்பது "லெய்ட்" ஆகும். தேர்வு எழுதும் இளைஞர்கள் இவ்விரண்டையும் கவனத்தில் கொள்வது நலம்.

தமிழில் எழுதும்போது "ஐயத்தை ஓய்வெடுக்க வைத்தார்" என்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை. "ஐயம் திரிபற விளக்கினார்" என்னும் நல்ல வழக்கு நம்மிடமே இருக்கிறது.